களமறிந்து பந்து தெரிதல்

துடுப்பாட்டம் பற்றி நம்மவர் எழுதும் கட்டுரைகளிலே ஓட்டங்களின் தொகையும் விக்கெற்றுகளின் தொகையும் நிறைந்து காணப்படும். அணித் தலைவர்களின் பெயர் வரிசையும் விழா மலர்களில் தவறாது இடம்பெறும். ஆனால், ஆட்டக்காரர் அனைவரும் நாள் முழுவதும் துரத்தித் திரியும் அச்சிறு செந்நிறப் பந்தைப் பற்றி எவரும் எழுத நாம் கண்டதில்லை. அதனைத் தெரிந்தெடுத்தவர் யார், எதனை நோக்கித் தெரிந்தெடுத்தார் என்று கேட்பாரும் இலர். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வருவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கின்றது. பந்தெல்லாம் ஒன்றே என்பது பலரின் எண்ணம் போலும். பாடசாலைக்குப் பந்து வாங்குவோரும், கடல் கடந்த நாடுகளிலிருந்து அன்போடு வாங்கி அனுப்பும் பழைய மாணவர்களும் எவற்றை நோக்குதல் வேண்டும் என்பதை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதலிற் பந்தின் அமைப்பை அறிதல் நன்று. நடுவே தக்கை, அதன்மேல் இறுக்கமாகச் சுற்றப்பட்ட நூல், அதற்கும் மேலே படிகாரத்தாற் பதனிட்டுச் சாயந்தோய்த்த தோல். நல்ல பந்தின் தோல் நான்கு துண்டுகளாலானது. இரண்டிரண்டு துண்டுகள் உட்புறமாகத் தைக்கப்பட்டுக் கிண்ணம் போன்ற இரு பாதிகளாகும். அப்பாதிகளைப் பொருத்தி மூட்டும் இடத்திலே ஆறு வரிசைத் தையல் ஓடும். பந்து வீச்சாளனுக்கு உயிர்நிலையாவது இந்தத் தையலே. விலை குறைந்த பந்துகள் இரு துண்டுத் தோலாலானவை. அவற்றின் உள்ளீடு பெரும்பாலும் தக்கையும் இறப்பரும் கலந்து அச்சில் வார்த்ததாகையால் துள்ளலும் வேறு வகையாயிருக்கும். வளர்ந்த ஆடவர் ஆடும் பந்தின் நிறை 156 கிராமுக்குக் குறையாமலும் 163 கிராமுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும், சுற்றளவு 22.4 முதல் 22.9 சென்றிமீற்றர் வரை. விதி கூறுவது இவ்வளவே. தையல் எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும், மெருகு எத்தகையதாயிருக்க வேண்டும் என்பனவற்றை அது செய்வோர் கையில் விட்டுவிட்டது. வேற்றுமையெல்லாம் அங்கேதான் பிறக்கின்றது.

இன்று ரெஸ்ற் ஆட்டங்களில் வழங்கும் பந்துகள் மூவகை. இங்கிலாந்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் டியூக்ஸ். இந்தியாவில் மீரட் நகரிற் செய்யப்படும் எஸ்.ஜி.; அவுஸ்திரேலியா, இலங்கை முதலிய ஏனைய நாடுகள் பெரும்பாலானவற்றிற் குக்கபரா. டியூக்ஸ் பந்தின் ஆறு வரிசைத் தையலும் கையால் இடப்படுபவை. அதன் தையல் உயர்ந்து நின்று பல ஓவர்களுக்குத் தேயாதிருக்கும். கருஞ்சிவப்பான தோலும் தடித்த மெருகும் பசும்புல் நிறைந்த ஆங்கில நாட்டு மைதானங்களில் நெடுநேரம் பளபளப்பைக் காக்கும். குக்கபராவில் நடு இரு வரிசைகளே கையாலிடப்பட்டவை. வெளிவரிசைகள் இயந்திரத் தையல். முதல் இருபது ஓவரளவும் அது நன்கு வளையும். பின்னர் தையல் அமர்ந்து தட்டையாகிவிடும். அதன்பின் விக்கெற் வீழ்த்துவது பந்து வீச்சாளனின் சொந்தச் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. எஸ்.ஜி. பந்தின் தையல் தடித்த நூலாற் கையால் இடப்பட்டது. மெருகு விரைவிற் போய்விடினும் தையல் நிலைத்து நிற்கும். வறண்ட மண்ணிற் சுழற்பந்து வீசுவோர் அதனை விரும்புவது இதனாலேயாகும். எந்தப் பந்தும் குறையற்றதன்று. 2018 இல் இந்திய அணித் தலைவர் விராட் கோலி எஸ்.ஜி. பந்தின் தரத்தைக் குறைகூறி, டியூக்ஸ் பந்தையே எங்கும் வழங்கலாமென்றார். 2025 இல் அவருடைய நாட்டணி இங்கிலாந்திற்குச் சென்றபோதோ, அந்த டியூக்ஸ் பந்தே விரைவில் வடிவிழந்து பலமுறை மாற்றப்பட வேண்டியதாயிற்று!

வெள்ளைப் பந்தைப் பற்றியும், 2015 இல் அடிலெயிட் நகரில் முதன்முறையாக ரெஸ்ற் ஆட்டத்தில் வழங்கிய இளஞ்சிவப்புப் பந்தைப் பற்றியும் இங்கு விரிக்கவில்லை. அவை மின்னொளியின் பொருட்டு வந்தவை; நம் பாடசாலை மைதானங்களுக்கும் அவற்றுக்கும் இன்னும் நெருங்கிய உறவில்லை.

பந்து காற்றில் வளைவது ஏன் என்பதைச் சிறிது விளக்குதல் பொருந்தும். பறந்து செல்லும் பந்தின் மேற்பரப்பை மெல்லிய காற்றுப்படலம் ஒன்று தழுவிச் செல்கின்றது. தையலைச் சற்றே சாய்த்து வீசினால், தையல் முன்னிற்கும் பக்கத்தில் அப்படலம் கலக்கமுறும். கலக்கமுற்ற காற்றுப் பந்தை நெடுந்தூரம் பற்றிச் செல்லும். மழமழப்பான மறுபக்கத்துக் காற்றோ விரைவிற் பிரிந்துவிடும். இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையாற் பந்து தையல் நோக்கும் திசைக்குத் தள்ளப்படுகின்றது. ஒரு பக்கத்தை ஆட்டக்காரர் ஓயாது தேய்த்து மெருகேற்றுவது இதன் பொருட்டே. எச்சில் தொட்டுத் தேய்த்தல் 2020 இற் பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்தப்பட்டு, 2022 இல் விதியாகவே தடை செய்யப்பட்டது, வியர்வைக்குத் தடையில்லை. வியர்வைக்கு நம் நாட்டிற் பஞ்சமுமில்லை. இன்னுமொன்று: இவ்வளைவு மிகுதியாகக் காணப்படுவது மணிக்கு 110 கிலோமீற்றர் அளவான வேகத்திலேயாகும். புதுப்பந்து அதிவேகத்திற் செல்லும்போது இரு பக்கத்துக் காற்றும் கலக்கமுறுவதால் வளைவு குன்றும். நம் பாடசாலை வேகப்பந்து வீச்சாளரிற் பெரும்பாலோர் அந்த 110 ஐ அண்டியே வீசுபவர். ஆகவே, வேகம் போதாதென்று வருந்தும் பையன் கையிற் பந்தை வளைப்பதற்கு மிக உகந்த வேகமே இருக்கின்றதென அறிக.

இனி, நம் ஊர் ஆடுகளத்துக்கு வருவோம். நம்மவருட் பலர் ஆடிப் பழகியது தும்புப்பாய் விரித்த களத்திலேயாம். இன்றும் பல பாடசாலைகளில் அதுவே களம். புற்றரை ஆடுகளத்துக்கு நீரும் உருளையும் அன்றாடம் பராமரிப்போரும் வேண்டும். வறண்ட நிலத்தில் அது செலவு மிக்க காரியம். தும்புப்பாய் பந்தைப் பற்றும் இயல்புடையது. விரல்களாற் பந்தை அறுத்து வீசும் கட்டர் வகையும், சுழற்பந்தும் அதிற் பட்டவுடன் கடித்துத் திரும்பும். பாயின் கீழே சீமெந்துத் தளமிருப்பிற் பந்து நெஞ்சளவு எழும். மண்தளமாயின் அடங்கி வரும். பாயை இறுக்கி முளையடித்தால் ஒரு வகை. தளரவிட்டால் வேறு வகை.

தும்புப்பாயில் ஒருவன் என்ன செய்யலாம் என்பதற்கு வரலாற்றிலே சான்றுகள் உள. இங்கிலாந்தின் சிட்னி பார்ன்ஸ் 1913–14 இல் தென்னாபிரிக்காவிற் பாய்க்களங்களில் நான்கே ரெஸ்ற் ஆட்டங்களில் ஆடி 49 விக்கெற்றுகளை வீழ்த்தினார். ஒரு தொடரில் அத்தனை விக்கெற்றுகளை வேறெவரும் இன்றளவும் வீழ்த்தியதில்லை. 1956 இற் கராச்சியிலே பாக்கிஸ்தானின் பசல் மஹ்மூத் கட்டர் பந்துகளால் அவுஸ்திரேலிய அணியை 80 ஓட்டங்களுக்குச் சுருட்ட உதவி, அவ்வாட்டத்தில் 114 ஓட்டங்களுக்கு 13 விக்கெற்றுகளைக் கைப்பற்றினார். இருவரும் காற்றின் வளைவை மட்டும் நம்பியவரல்லர். பாய் எதனைப் பற்றுமோ அதனைப் பாய்க்குக் கொடுத்தவர்கள்.

ஆனால், அதே பாய் பந்தின் தோலை அரம்போல் அராவிவிடும். சில ஓவர்களுக்குள் மெருகு போய்ப் பந்தின் இரு பக்கமும் ஒன்றுபோலச் சொரசொரப்பாகும். இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஓர் அன்பர் விலையுயர்ந்த டியூக்ஸ் பந்துகளை அனுப்புகின்றார் என்க. அவற்றின் விலையிற் கணிசமான பகுதி, பசும்புல்லில் நெடுநேரம் நிலைக்கவேண்டிய தோலுக்கும் மெருகுக்கும் உரியது. அவை பாயில் முதல் அரைமணி நேரத்திற்குள் அழிந்துபோகின்றன. அன்பரின் அன்பு வீணாகாது. பணத்தின் ஒரு பங்கு வீணாகின்றது. பாய்க்களத்துக்குப் பந்து வாங்குவோர் மெருகை நோக்காது, தையலின் உறுதியையும் உள்ளீட்டின் வலிமையையும் நோக்குதல் வேண்டுமென்பதே நமது கருத்து. கீழே சீமெந்துத் தளமாயின் உள்ளீடு வலிதல்லாத பந்து பத்து ஓவருக்குள் முட்டை வடிவாகிவிடும். கையாற்றைத்த, தடித்த தையலுடைய, நடுத்தர விலைப் பந்து இங்கே போதுமானது. ஒரு டியூக்ஸ் வாங்கும் பணத்தில் அத்தகைய பந்துகள் பலவற்றை வாங்கலாம். புற்றரையில் ஆடும் போட்டிகளுக்கே உயர்ந்த பந்தை ஒதுக்கிவைத்தல் தகும்.

களத்தை நோக்கிய பின்னர், வீசுபவனையும் நோக்குதல் வேண்டும். காற்றில் வளைப்பவனுக்கு மெருகும் கருந்தோலும் வேண்டும். ஆதலின், அவன் புதுப்பந்தோடு முதல் ஓவர்களை வீசட்டும். தரையில் ஓங்கிக் குத்தி வீசுபவனுக்கு உயர்ந்த தையலே துணை. விரலாற் சுழற்றுபவன் தையலைப் பற்றியே சுழற்றுகின்றான். தையல் அமர்ந்த பந்தைக் கொடுத்து அவனிடம் சுழல் எதிர்பார்ப்பது நியாயமன்று. மணிக்கட்டாற் சுழற்றுபவனுக்குத் தையல் அத்துணை அவசியமன்று. முத்தையா முரளிதரன் தையல் விரைவில் அமரும் குக்கபராவைக் கொண்டே தம் சொந்த மண்ணில் மலைமலையாக விக்கெற்றுகளைக் குவித்து, 2010 இற் காலியில் 800 என்னும் எண்ணை எட்டினார். ஆனால், அவருடைய மணிக்கட்டு எல்லோருக்கும் வாய்ப்பதன்று. அவரோடு ஆடிய சமிந்த வாஸ் 355 ரெஸ்ற் விக்கெற்றுகளை வீழ்த்தினார். பந்து வளையாதொழிந்த பின்னரும் வேக மாற்றத்தாலும் கட்டர்களாலும் அவர் தம் தொழிலை நடத்தினார். இடக்கையால் மிதவேகம் வீசும் நம் பிள்ளைகள் ஊன்றிப் பார்க்க வேண்டியது இவ்விரண்டாம் பகுதியையே.

இனிக் கூறப்போவதே எமது மனத்தை மிகவும் உறுத்தும் விடயம். பல பாடசாலைகளில் மாணவர் வாரத்தில் நான்கு நாள் பயிற்சி செய்வது தேய்ந்த இரு துண்டுப் பந்தால். சனிக்கிழமை போட்டியிற் கையிலெடுப்பது புத்தம்புதிய நான்கு துண்டுப் பந்து. அப்பந்து கையில் வழுக்கும். தையல் விரலுக்குப் புதிதாகத் தோன்றும். எதிர்பாராத திசைக்கு வளையும். முதல் மூன்று ஓவரில் அகலப்பந்துகள் மலியும். பிள்ளை பதறுகின்றான் என்று மைதானத்தைச் சுற்றி நிற்கும் நாமெல்லாம் பேசுகின்றோம். அவன் பதறவில்லை, பழகாத கருவியோடு போர்க்களம் புகுந்திருக்கின்றான். பாயிலே வளர்ந்த பிள்ளை புற்றரைக்குச் சென்று ஆடும்போதும் இதுவே நிகழ்கின்றது. பாயிற் கடித்துத் திரும்பிய அவன் பந்து, அங்கே நேரே சென்று எல்லைக்கோட்டைத் தொடுகின்றது. தெரிவாளர் அன்றைய ஆட்டத்தை மட்டும் கண்டு அவன் பெயரை விட்டுவிடுவர். பத்தாண்டு உழைப்பு இரண்டு மணி நேரத்தில் தீர்க்கப்படுகின்றது.

இதனைப் பெரிய நாடுகளும் உணர்ந்தே இருக்கின்றன. இங்கிலாந்திற் சென்று டியூக்ஸ் பந்தோடு ஆடுவதற்குத் தம் வீரர்களைப் பழக்கவென்று, அவுஸ்திரேலியர் 2016–17 முதற் சில பருவங்களுக்குத் தம் உள்நாட்டுப் போட்டிகளின் பிற்பாதியில் அப்பந்தை வழங்கினர். பின்னர் சுழற்பந்து வீச்சாளருக்கு வேலை குறைகின்றதெனக் கண்டு 2020 இற் கைவிட்டனர். இங்கிலாந்தினர் 2023 முதல் மாவட்டப் போட்டிகளிற் சில சுற்றுகளுக்குக் குக்கபராவைக் கொண்டு வந்தனர். உயர்ந்த தையலின் தயவில்லாமல் விக்கெற் எடுக்கும் வித்தையைத் தம் பிள்ளைகள் கற்க வேண்டுமென்பது அவர் நோக்கம். பயனை அவர்கள் பலவாறு வாதிட்டுக் கொள்ளட்டும். பந்தை மாற்றினாற் பந்து வீச்சாளனும் மாறுகின்றான் என்பதை இரு நாட்டாரும் ஒப்புக்கொண்டுள்ளனர் அன்றோ? அவ்வளவு செலவு நம்மால் இயலாது. ஆயினும், போட்டிக்குரிய பந்துகளில் இரண்டையேனும் பயிற்சி வலைக்குக் கொடுத்து, முதற் பந்து வீச்சாளர் மூவரும் வாரமொருமுறை புதுப்பந்தால் ஆறு ஓவர் வீசச் செய்தல் எந்தப் பாடசாலைக்கும் இயலும்.

இளம் பிள்ளைகள் விடயத்திற் பந்தின் நிறையை நோக்காமலிருத்தல் கூடாது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோருக்கென 133 முதல் 144 கிராம் வரை நிறையுள்ள சிறு பந்து விதியிலேயே குறிக்கப்பட்டிருக்கின்றது. பத்து வயதுப் பையன் கையிற் பெரிய பந்தைக் கொடுத்தால் அவன் அதனை விரலாற் பற்ற இயலாது உள்ளங்கையில் வைத்து எறிவான். தோள் நோவும், சுழலும் பிறக்காது. செலவு மிச்சமென்று மூத்தோர் கழித்த பந்தை இளையோருக்குக் கொடுக்கும் வழக்கத்தை நாம் ஒரு சிறிதும் விரும்புகின்றிலோம்.

கடையிற் பந்தைப் பார்க்கும் முறையும் சிறிது கூறுவோம். தையலை மேல்நோக்கிப் பிடித்து விரல் நுனியால் வருடுக; ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இருந்தால் வேண்டாம். மேசைமேல் மெல்ல உருட்டுக; நேரே ஓடாது ஒருபுறம் சரிந்தால் உள்ளீடு நடுவில் இல்லை என்க. கூடுமாயின் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தலும் நன்று. ஒரே பெட்டியிலுள்ள பந்துகளும் ஒரே நிறையாயிருப்பதில்லை. பெருவிரலால் அழுத்தும்போது தோல் உள்ளே நகர்ந்தால் அது உள்ளீட்டோடு இறுகவில்லை. நான்கு துண்டுப் பந்தென்று விற்பதில் மெருகின் கீழே குறுக்குத் தையலின் மெல்லிய கோடு தெரிகின்றதா எனவும் நோக்குக. இல்லையாயின் இரு துண்டுப் பந்தையே நான்கு துண்டு விலைக்கு வாங்குகின்றீர்கள்.

வாங்கிய பந்தை மாரிகால ஈரத்திற் பூட்டி வைத்தால் தோல் பூஞ்சணம் பிடிக்கும். நனைந்த பந்தை வெயிலிலோ அடுப்பருகிலோ காயவைத்தால் தோல் வெடித்து நூல் சுருங்கும். துணியால் ஒற்றி, நிழலிற் காற்றுப்பட வைக்க வேண்டும். நனைந்த பாயில் ஆடிய பந்து நீர்குடித்து நிறை கூடியிருக்குமாதலால், அதனை மறுநாளே வலையிற் போட்டு வீசச் செய்யாது இரண்டு மூன்று நாள் விட்டுவைத்தல் நன்று. ஒவ்வொரு பந்துக்கும் ஓர் எண்ணிட்டு, எத்தனை ஓவர் ஆடியது, எக்களத்தில் ஆடியது என்று குறிப்பேட்டில் எழுதிவைத்தால், அடுத்த பருவத்திற்கு எதனை வாங்குவது என்னும் கேள்விக்கு அக்குறிப்பேடே விடை கூறும்.