பழைய கணினி வாங்குமுன்

மாட்டுச் சந்தையில் காளை வாங்க வருவோர் அதன் தோற்றத்தை மட்டும் கண்டு விலை பேசுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிவர். நடக்கவிட்டுப் பார்த்து வலிமையை அறிவர். பழைய கணினியை வாங்குவோருக்கும் இவ்விரு சோதனைகளும் இன்றியமையாதவை.

தில்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. சாலை போன்ற கடைவீதிகளில், அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கட்டடக் கலையோ அசைவூட்டமோ பயில விரும்பும் மாணவர் பலருக்கு அவையே எட்டும் விலையில் உள்ளவை. ஆயினும், கடிதம் தட்டச்சு செய்யப் போதுமான கணினி முப்பரிமாண உருவங்களை வரையவும் போதும் எனக் கருதுதல் தவறு. பெற்றோரின் சேமிப்பு வீணாகாதிருக்க, வாங்குமுன் சோதித்தல் வேண்டும்.

முதலில், மென்பொருளின் தேவையை அறிதல் வேண்டும். சான்றாக, பிளெண்டர் என்னும் முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளைக் கொள்வோம். இது 2002 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. இதன் 4ஆம் வரிசைப் பதிப்புகளுக்குக் குறைந்த அளவாக 4 கோர்கள் கொண்ட மையச் செயலகம், 8 ஜி.பி. ராம், 2 ஜி.பி. வரைகலை நினைவகம் ஆகியவை தேவை. பரிந்துரைக்கப்படும் அளவோ 8 கோர்கள், 32 ஜி.பி. ராம், 8 ஜி.பி. வரைகலை நினைவகம் ஆகும். முதல் அளவு பயிற்சியைத் தொடங்க உதவும். பெரிய பணிகளுக்கு இரண்டாம் அளவை நெருங்கிய கணினியே ஏற்றது.

அடுத்து, கணினியின் உள்ளுறுப்புகளை அறிதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மையச் செயலகத்தின் பெயர், ராமின் அளவு, வரைகலை அட்டையின் பெயர் ஆகியவற்றைக் காணலாம். தனி வரைகலை அட்டை இல்லாத கணினி, அப்பணிக்கு ராமின் ஒரு பகுதியையே எடுத்துக்கொள்ளும்.

பெயரைக் கண்டு மயங்குதலும் கூடாது. இன்டெல் நிறுவனத்தின் ஐ7 4770 நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது, 2013இல் வெளிவந்தது. ஐ3 12100 பன்னிரண்டாம் தலைமுறையைச் சேர்ந்தது. இரண்டும் 4 கோர்கள் உடையவை. எனினும் பின்னதே விரைவானது. மேலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 14.10.2025 அன்று முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலகம் வேண்டும்.

எக்குறையைப் பின்னர் நீக்க இயலும் என்பதையும் எண்ண வேண்டும். மேசைக் கணினியில் ராமைக் கூட்டலாம். வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தலாம். மடிக்கணினிகள் பலவற்றில் வரைகலைச் சில்லு தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் அதனை மாற்ற இயலாது.

இறுதியாக, கணினியை உழைக்கவிட்டுப் பார்த்தல் வேண்டும். பிளெண்டரைப் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். ஒரு பெரிய கோப்பைத் திறந்து, அதனைப் படமாக்க ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்க. அரைமணி நேரம் இடைவிடாது இயக்கியபின் அதே கோப்பை மீண்டும் படமாக்குக. இரண்டாம் முறை மிகுதியான நேரம் ஆகுமாயின், வெப்பம் மிகுந்து கணினி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது எனலாம். விசிறியில் அடைந்த தூசியே காரணமாயின் தூய்மை செய்தால் சீராகும். திரையில் கோடுகள் தோன்றினாலோ கணினி தானே அணைந்தாலோ அதனைத் தவிர்த்தல் நலம்.

இச்சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் போதும். அதற்கு இசையாத கடையில், விலை எவ்வளவு குறைவாயினும், வாங்காது திரும்புதலே அறிவுடைமை.