ஒரு கூரைக்காக ஒரு மலை

2000ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஸ்கை தீவில் ஒரு மலைத்தொடர் விற்பனைக்கு வந்தது. அதன் பெயர் கறுப்புக் கூலின். கேட்கப்பட்ட விலை 1 கோடி பவுண்டு. அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 70 கோடி ரூபாய். விற்க முன்வந்தவர் மக்லவுட் குலத்தின் 29ஆம் தலைவரான ஜான் மக்லவுட். அவர் கூறிய காரணம் எளிமையானது. குலத்தின் இருப்பிடமான டன்வேகன் கோட்டையின் கூரை ஒழுகுகிறது. அதைச் செப்பனிடத் தம்மிடம் பணம் இல்லை.

டன்வேகன் கோட்டை சுமார் 800 ஆண்டுகளாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்துவருவது. கடற்பாறையின் மேல் நிற்கும் அதன் சுவர்களை அட்லாண்டிக் காற்றும் மழையும் ஓயாமல் தாக்குகின்றன. கடன் விண்ணப்பங்களைப் படித்தே பழகிய என்னைப் போன்ற வங்கி அலுவலருக்கு இந்நிலை புதிதன்று. சொத்து இருக்கிறது, கையில் ரொக்கம் இல்லை. அந்தச் சொத்தோ வருமானம் தருவதைவிட அதிகமாகச் செலவு வைக்கிறது. நம் வாடிக்கையாளர்களில் பூர்விக வீட்டைக் காப்பாற்றப் போராடுவோர் பலருக்கும் இந்தக் கவலை தெரிந்ததே.

ஆனால், டன்வேகன் தலைவரின் திட்டத்துக்கு எதிர்ப்பு எழுந்தது. மலையேறிகளும் தீவு மக்களும் கேட்ட கேள்வி விலையைப் பற்றியதன்று. "இந்த மலை உண்மையிலேயே உங்களுடையதா?" என்றே அவர்கள் கேட்டனர். 1611ஆம் ஆண்டின் அரச சாசனம் வரை ஆவணங்கள் புரட்டப்பட்டன. அரச நிலங்களை நிர்வகிக்கும் ஆணையம் ஆராய்ந்து, தலைவரின் உரிமையை எதிர்த்து வழக்குத் தொடுப்பதில்லை என முடிவு செய்தது. ஆயினும் மலை விற்பனையாகவில்லை. 2007ஆம் ஆண்டில் ஜான் மக்லவுட் காலமானார். கோட்டையைச் செப்பனிடும் பொறுப்பு அடுத்த தலைமுறையின் தோளில் ஏறியது.

சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமையை மக்கள் மனம் ஏன் ஏற்கவில்லை? ஸ்காட்லாந்தின் கோட்டைகளுக்காக நிதி திரட்டும் எவரும் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். அதற்கு விடை காண வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளும் தலைவர்களும்

குலத்தைக் குறிக்கும் 'கிளான்' என்னும் சொல் கேலிக் மொழியிலிருந்து வந்தது. அதற்குப் 'பிள்ளைகள்' என்று பொருள். தலைவர் தந்தை, குலத்தார் பிள்ளைகள். போர் வந்தால் பிள்ளைகள் வாளேந்துவர். பஞ்சம் வந்தால் தலைவர் காப்பார். கோட்டை அந்த உறவின் அடையாளமாக நின்றது.

1746ஆம் ஆண்டில் கல்லோடன் போர்க்களத்தில் இந்த உலகம் சரிந்தது. தலைவர்களுக்குப் பரம்பரையாக இருந்த நீதி வழங்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் பறித்தது. அதன்பின் தலைவர்களில் பலர் வெறும் நிலக்கிழார்களாயினர். ஆட்டு மந்தைகள் அதிக வருவாய் தந்தபோது, தலைமுறை தலைமுறையாக உழுத குடியானவர்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர். கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பல்கள் புறப்பட்டன.

இன்று கோட்டையைக் காக்க நன்கொடை வேண்டி அனுப்பப்படும் கடிதங்கள் பெரும்பாலும் அந்த நாடுகளுக்கே செல்கின்றன. வெளியேற்றப்பட்டவர்களின் கொள்ளுப்பேரன்களிடம், வெளியேற்றியவர்களின் வீட்டுக்கூரைக்காகக் கையேந்துவது என்றும் இதைக் கூறலாம். ஆயினும் அவர்கள் கொடுக்கிறார்கள். எதன் பொருட்டுக் கொடுக்கிறார்கள், எந்த ஏற்பாட்டின் மேல் நம்பிக்கை வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதை இரண்டு கோட்டைகள் காட்டும்.

ஒருவர் கட்டிய கோட்டை

முதலாவது, நாட்காட்டிகளில் நாம் அடிக்கடி காணும் ஐலன் டோனன். மூன்று கடற்கழிகள் சந்திக்கும் இடத்தில், சிறு தீவொன்றில் நிற்பது. 1719ஆம் ஆண்டில் ஸ்பானிய வீரர்கள் சிலர் இதில் காவலிருந்தபோது, அரச கடற்படைக் கப்பல்கள் பீரங்கியால் தாக்கி இதைத் தகர்த்தன. பின்னர் ஏறத்தாழ 200 ஆண்டுகள் கற்குவியலாகவே கிடந்தது.

1911இல் ஜான் மக்ரே கில்ஸ்ட்ராப் என்னும் படை அதிகாரி இத்தீவை விலைக்கு வாங்கினார். மக்ரே குலத்தார் ஒரு காலத்தில் இக்கோட்டையின் காவலர்களாக இருந்தவர்கள். பணியை மேற்பார்த்தவர் அதே குலத்தைச் சேர்ந்த ஃபார்குஹர் மக்ரே. 1932இல் பணி நிறைவுற்றது. செலவு 2,50,000 பவுண்டு எனக் கூறப்படுகிறது. அக்காலத்தில் அது பெருஞ்செல்வம்.

செல்வம் படைத்த ஒருவரால் ஒரு கோட்டையை எழுப்ப முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால், அவருக்குப் பின் யார் காப்பது? 1955இல் கோட்டை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1983இல் அதைப் பேண ஓர் அறக்கட்டளை அமைந்தது. தனியொருவரின் கனவாகத் தொடங்கியதும் இறுதியில் நுழைவுக் கட்டணத்தையும் பொது அமைப்பையும் சார்ந்தே நிலைபெற்றது.

பலர் வாங்கிய கோட்டை

இரண்டாவது, பெர்த்ஷயரில் அபர்ஃபெல்டி என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள மென்சிஸ் கோட்டை. 16ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 400 ஆண்டுகளுக்கு மேலாக மென்சிஸ் குலத்தலைவர்களின் இருப்பிடம். 1746இல் கல்லோடனுக்குச் செல்லும் வழியில் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் இங்கே இரண்டு இரவுகள் தங்கினார். சில நாட்களுக்குள் எதிரிப்படையும் இதே கோட்டையில் புகுந்தது.

1910ஆம் ஆண்டில் சர் நீல் மென்சிஸ் வாரிசின்றி மறைந்தார். கோட்டை கைமாறியது. இரண்டாம் உலகப் போரின்போது போலந்துப் படையின் மருந்துக் கிடங்காகப் பயன்பட்டது. பிறகு கேட்பாரற்றுப் பாழடைந்தது.

அதை மீட்டவர் எந்தப் பிரபுவும் அல்லர். 1892இல் தொடங்கப்பட்ட மென்சிஸ் குலச் சங்கம் 1957இல் கோட்டையை வாங்கியது. சங்கம் என்றால் சந்தா கட்டும் உறுப்பினர்கள். பல நாடுகளில், பல தொழில்களில் இருப்பவர்கள். முழுச் செலவுக்கும் பணம் சேரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கையில் உள்ளதற்கேற்ற ஒரு பகுதியை முடிப்பது, பிறகு அடுத்த பகுதிக்குத் திரட்டுவது எனப் பல பத்தாண்டுகளாகப் படிப்படியாகச் செப்பனிட்டார்கள். அரசின் தொல்பொருள் துறையும் மானியம் தந்தது. பின்னர்ப் பொறுப்பு ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று பார்வையாளர் கட்டணமும் திருமண நிகழ்ச்சிகளும் வருவாய் ஈட்டித் தருகின்றன.

இங்கே "யாருடையது?" என்ற கேள்விக்கு இடமில்லை. ஒரு காலத்தில் தலைவரின் வீடாக இருந்தது, இன்று பிள்ளைகளின் வீடு. கொடுப்பவருக்குத் தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பது ஐயமின்றித் தெரிகிறது.

பணம் வரும் வழிகளும் போகும் வழிகளும்

பிரிட்டனில் இத்தகைய நிதிதிரட்டலுக்குச் சில வாய்ப்புகள் உண்டு. 1990இல் அறிமுகமான ஒரு வரிச்சலுகைத் திட்டத்தின்படி, வருமான வரி செலுத்தும் ஒருவர் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு 1 பவுண்டு கொடுத்தால், அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் அந்த அறக்கட்டளைக்குக் கிடைக்கும். 1994இல் தொடங்கிய தேசியப் பரிசுச்சீட்டின் வருவாயில் ஒரு பங்கு பாரம்பரியச் சின்னங்களுக்கு ஒதுக்கப்படுகிறது. இதில் மானியம் கேட்போர் தம் பங்காக எவ்வளவு திரட்டியுள்ளனர் என்பதையும், பொதுமக்களுக்கு என்ன பயன் என்பதையும் காட்ட வேண்டும். ஆகவே சிறு நன்கொடைகள் இரட்டைப் பயன் தருபவை. அவை பணமாகவும் உதவுகின்றன. பெரிய மானியத்துக்கான நற்சான்றாகவும் அமைகின்றன.

செலவுப் பக்கமோ எளிதன்று. பழைய கற்சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் கட்டப்பட்டவை. சுவர் உறிஞ்சும் ஈரத்தை அக்காரை வெளியே விட்டுவிடும். பிற்காலத்தில் சிமெண்டால் பூசப்பட்ட இடங்களில் ஈரம் உள்ளேயே தங்கிக் கல்லை அரிக்கும். எனவே பழைய முறைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பு இறுகுவதற்கு முன் உறைபனி பட்டால் வேலை கெடும் என்பதால், ஆண்டில் சில மாதங்களே பணி நடக்கும். ஆனால் உயர்ந்த சுவர்களைச் சுற்றிக் கட்டிய சாரத்துக்கு வாடகை மாதந்தோறும் ஏறும். இவற்றுக்கு மேல், பழுதுபார்ப்புப் பணிகளுக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் உண்டு.

இதனால்தான் அனுபவமுள்ள அறக்கட்டளைகள், செப்பனிடும் நிதியையும் பராமரிப்பு நிதியையும் தனித்தனியே கணக்கிடுகின்றன. ஒரு கட்டடத்தின் ஆண்டுப் பராமரிப்புக்கு 1 லட்சம் ரூபாய் தேவை என வைத்துக்கொள்வோம். நிகர வருவாய் 4 விழுக்காடு என்றால், 25 லட்சம் ரூபாய் மூலநிதி இருந்தால்தான் அச்செலவு தானே நடக்கும். விலைவாசி உயர்வை ஈடுகட்ட அதற்கு மேலும் வேண்டும். கூரை போட்ட நாளில் எல்லோரும் கைதட்டுவர். பத்தாண்டுக்குப் பின் மழைநீர்க் குழாயில் அடைத்த இலைகளை அகற்றும் கூலியை யாரும் நினைப்பதில்லை. பெரும்பாலான கட்டடங்களைச் சிதைப்பது அந்த அடைப்புதான்.

கிராமத்துப் பள்ளிக்கூடமாயினும் முன்னோர் கட்டிய சத்திரமாயினும், நிதி திரட்ட முற்படுவோர் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவைப்பது நன்று. சொத்து யார் பெயரில் இருக்கிறது? கணக்கை யார் தணிக்கை செய்வார்? வேலை முடிந்த மறு ஆண்டின் செலவுக்கு வழி என்ன? இவற்றுக்குத் தெளிவான விடை இருந்தால், கொடுக்கும் கைகளுக்குக் குறைவிராது.

குடியிருந்த மன்னர்

மென்சிஸ் கோட்டையில் வாழ்ந்தவர்களுள் ஓர் இந்தியரும் உண்டு. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங். ஐந்து வயதில் அரியணை ஏறியவர். 1849இல், பத்து வயதில், ஆட்சியையும் கோஹினூர் வைரத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்தவர். 1854இல் பிரிட்டனுக்கு வந்த அவருக்காக, அவருடைய பாதுகாவலர் சர் ஜான் லாகின் இக்கோட்டையைக் குத்தகைக்கு எடுத்தார். 1855 முதல் 1858 வரை அவர் இங்கே வசித்தார். லாகூர்க் கோட்டைக்கு உரியவர், உடன்படிக்கையின்படி கிடைத்த ஓய்வூதியத்தில், அயல்நாட்டுக் கோட்டையில் குடியிருந்தார்.

அவர் அங்கிருந்து சென்று ஒரு நூற்றாண்டுக்குப் பின், உலகெங்கும் சிதறிய ஒரு குலத்தின் சாதாரண மனிதர்கள் அதே கோட்டையைத் தங்கள் சந்தாப் பணத்தால் மீட்டார்கள். அவர்களில் எவரும் அதில் குடியேறப் போவதில்லை. எப்போதாவது ஒரு கோடையில் வந்து, கட்டணம் செலுத்தி உள்ளே நுழைந்து, ஒழுகாத கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவார்கள்.