வலி வருமுன் பேசி முடிக்க வேண்டியவை

வெள்ளானூரில் நள்ளிரவு 2 மணிக்கு ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி எடுத்தால் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது? ஆவடி அரசு மருத்துவமனைக்கா, கீழ்ப்பாக்கத்துக்கா, எழும்பூருக்கா? மாதாமாதம் காட்டிவந்த நர்சிங் ஹோமில் அந்த நேரத்தில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா? வலியில் துடிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு இதையெல்லாம் யோசிக்க முடியாது. ஏழாம் மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் பேறுகால மரணங்களை ஆராய்ந்து 1994-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருத்துவமனைக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேருவதில் ஒரு தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் ஒரு தாமதம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். மூன்றாவது தாமதம் மருத்துவமனையின் பொறுப்பு. முதல் இரண்டில் பெரும்பகுதி நம் வீட்டுக் கூடத்திலேயே தீர்க்கக்கூடியது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண். கர்ப்பம் உறுதியானதும், 12 வாரத்துக்குள், பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துவிட வேண்டும். 102-க்கு அழைத்தும் பதியலாம். தனியார் மருத்துவமனையில்தான் பார்க்கிறோம், நமக்கெதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கே இந்த எண்ணைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இதுதான் அடிப்படை: ரொக்கம் 14,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் 4,000 ரூபாய்க்கு. பணம் தவணைகளாக வரும் என்பதால் வங்கிக் கணக்கு அந்தப் பெண்ணின் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவடித் தொழிற்சாலைகளையும் அம்பத்தூர் எஸ்டேட்டையும் நம்பிக் குடிவந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அனுப்பும்போது வளையலும் பலகாரமும் மறக்காமல் போகின்றன. ஸ்கேன் அறிக்கைகளும் தாய்-சேய் அட்டையும் இங்கே பீரோவில் தங்கிவிடுகின்றன. ஏழு மாதம் பார்த்த மருத்துவர் ஒருவர், பிரசவம் பார்க்கப்போகிறவர் வேறொருவர். அந்த அட்டையில் உள்ள ரத்த வகை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தக் கணக்குகள்தான் அந்தப் புது மருத்துவருக்கு வழிகாட்டி. எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் எடுத்துக் கணவன், மாமியார், அம்மா மூவரிடமும் வைத்திருங்கள். கர்ப்பிணிக்கு ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி பற்றி மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். குழந்தை பாசிட்டிவாக இருந்தால் பிறந்த 72 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போட வேண்டும்.

பரிசோதனைகளில் பலரும் தட்டிக்கழிப்பது குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனை. 75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். திகட்டும், குமட்டும், ஐந்து பத்து நிமிடத்துக்குள் மெல்லக் குடித்து முடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி. அதிகாலையில் பட்டினியோடு பஸ் பிடித்து வர முடியாத பெண்களை மனதில் வைத்து இந்த முறைக்காக வாதாடியவர் சென்னை நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா, அவருடைய பிறந்தநாளான மார்ச் 10 இப்போது தேசியக் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாள். முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும். குடித்த அரை மணிக்குள் வாந்தி வந்துவிட்டால் மறுநாள் வாருங்கள், விட்டுவிடாதீர்கள்.

உடம்பின் சௌகரியத்துக்கு வருவோம். ஏழாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுங்கள்; முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைத்தால் இடுப்பு வலி கணிசமாகக் குறையும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு போட்டால் பலன் போய்விடும். எலுமிச்சைச் சாறோடு போடலாம். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், பயந்து நிறுத்த வேண்டாம். சாயங்காலம் பாதம் லேசாக வீங்குவது சகஜம். முகமும் கையும் வீங்கி, தலை விடாமல் வலித்து, கண் மங்கினால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கலாம். அது ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாத விஷயம். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலும் அப்படித்தான். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வீட்டில் எழக்கூடாது.

தலைப்பிரசவத்தில் வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ வலிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். விலாசத்தைப் புறநகரின் புது நகர்களில் விளக்குவது பெரும்பாடு. பெயர்ப்பலகை இல்லாத தெருக்கள் அதிகம். பக்கத்தில் உள்ள கோயில், பள்ளி, ரேஷன் கடை ஏதாவதொன்றை அடையாளமாக எழுதிக் கதவருகே ஒட்டிவைத்தால் அந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் போனில் படித்துச் சொல்லலாம். பிரசவ நாள் நவம்பர், டிசம்பரில் விழுந்தால் இன்னொரு ஏற்பாடும் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்துத் தெருக்களில் வண்டி போகாத அளவுக்குத் தண்ணீர் நின்றது. புயல் எச்சரிக்கை வந்ததுமே செவிலியரிடம் சொல்லி முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்ந்துவிடுவது நல்லது.

மருத்துவமனைக்கு எடுத்துப்போகும் பையில் இருக்க வேண்டியவை: முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டிகள், பெரிய நாப்கின்கள், துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தித் துணிகள், சார்ஜர், ஒரு பிளாஸ்க். குழந்தைக்குப் புதுச்சட்டையைவிடத் துவைத்த மெல்லிய துணியே தோலுக்கு இதம். கூட யார் இருப்பது என்பதையும் அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். அரசு மருத்துவமனைகளில் பிரசவ நேரத்தில் பெண் துணை ஒருவரை அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பக்கத்தில் ஆள் இருந்து முதுகை நீவி, தண்ணீர் கொடுத்து, தைரியம் சொல்லும்போது பிரசவ நேரம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. யார் முறை, யார் உரிமை என்ற வாதத்தைவிட அவளுக்கு யார் இருந்தால் பயம் போகும் என்பதே முக்கியம்.

தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 அறுவைச் சிகிச்சை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. சுகப்பிரசவத்தை எதிர்பார்க்கும் வீடும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும். தையல் உள்ளவள் எழும்போது முதலில் பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அழுத்திக்கொள்ளலாம். தனியார் வேலையில் உள்ள அப்பாக்களுக்குச் சட்டப்படி விடுப்பு இல்லை. கையில் இருக்கிற நாலு நாள் லீவை மருத்துவமனை வாசலில் செலவழிப்பதைவிட, வீடு திரும்பிய வாரத்துக்கு வைத்துக்கொள்வது மேல் என்பது என் எண்ணம். உதவி அதிகம் தேவைப்படுவது அப்போதுதான்.

வீட்டுப் பெரியவர்களிடம் சில விஷயங்களை முன்பே பணிவாகப் பேசிவிடுங்கள். சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப் பாலோ வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். மூக்கை ஊதிச் சளி எடுப்பதும், காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதும், சாம்பிராணிப் புகை காட்டுவதும் குழந்தையின் நுரையீரலுக்கும் காதுக்கும் கேடு. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரைக் குறைத்தால் உடம்பு வறண்டு, மலச்சிக்கல் கூடி, தையல் போட்டவளுக்கு அவஸ்தை இரட்டிப்பாகும்.

பிள்ளை பெற்ற சில நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பலருக்கும் உண்டு, தானாகவே தணியும். இரண்டு வாரம் தாண்டியும் அவள் தூங்காமல், சாப்பிடாமல், குழந்தையைத் தூக்க மனமில்லாமல் இருந்தால் திருஷ்டி சுற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். மருத்துவ ஆலோசனைக்கான 104-க்கோ, டெலி மனஸ் மனநலச் சேவையின் 14416-க்கோ இரவிலும் அழைக்கலாம்; அவள் சார்பில் கணவனோ அம்மாவோ பேசலாம்.