பின்னோக்கி வரும் காரின் குரல்

அமெரிக்க நகரங்களின் புறப்பகுதிகளில், வீட்டு முற்றத்தில் இரவெல்லாம் நின்ற ஹைப்ரிட் காரை, பொழுது விடியும் முன்பே வேலைக்குக் கிளம்புகிற ஒருவர் பின்னோக்கி எடுத்துத் தெருவுக்குக் கொண்டுவரும்போது, பலர் சேர்ந்து ஒரே சுரத்தைப் பிடித்து நிறுத்தினாற்போல நீண்டதொரு ரீங்காரம் அந்தக் காரிலிருந்து எழுந்து தெரு முழுவதும் பரவுகிறது. காரை ஓட்டுகிறவர் அதைப் பொறுத்துக்கொண்டாலும், பக்கத்து வீட்டில் தூங்கும் குழந்தையும், இரவுப் பணி முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த தாதியும் அதை ஏன் பொறுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே. இந்தச் சப்தத்தை அடக்க வழி உண்டா, அடக்குவது தகுமா என்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே ஆராய வேண்டும். முதல் கேள்விக்கு விடை யந்திரத்தில் இருக்கிறது, இரண்டாவதற்கு விடை தெருவில் நடந்து போகிற மனிதரிடம் இருக்கிறது.

ஹைப்ரிட் கார் பின்னோக்கி வருகையில் எழும் சப்தங்கள் இரண்டு. ஒன்று, காருக்குள்ளே ஓட்டுநரின் செவியை உத்தேசித்து ஒலிக்கும் ‘பீப் பீப்’ என்னும் மணி. மற்றொன்று, காருக்கு வெளியே ஒலிபெருக்கியின் வழியாகத் தெருவை நோக்கி அனுப்பப்படும் எச்சரிக்கை. இவை வெவ்வேறு காரணங்களுக்காக, வெவ்வேறு மனிதர்களின் பொருட்டு ஏற்பட்டவை. ஆகையால் இரண்டுக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட முடியாது.

உள்ளே ஒலிக்கும் மணியின் காரணத்தை அறிய, 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து ஹைப்ரிட் கார் என்ற இனத்தையே உலகறியச் செய்த டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறையைப் பார்த்தால் போதும். 2003இல் வெளிவந்த அந்தக் காரில், பழைய கார்களிற்போல, கியர் கம்பி தள்ளிய இடத்தில் நிற்பதில்லை. டாஷ்போர்டில் பொருத்திய சிறு கைப்பிடியை ரிவர்ஸ் பக்கம் சாய்த்துவிட்டுக் கையை எடுத்ததும் அது தானாகவே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். முன்னே போவதற்கும் பின்னே போவதற்கும் கைப்பிடி ஒரே இடத்தில் இருப்பதாலும், எஞ்சினின் உறுமல் இல்லாமையாலும், கார் எந்தத் திசைக்குத் தயாராக நிற்கிறது என்பதைக் கையாலோ காதாலோ அறிய ஓட்டுநருக்கு வழியில்லாமற் போகிறது. அந்தக் குறையை ஈடுசெய்யவே உள்ளே மணி வைத்தார்கள்.

இது ஓட்டுநருக்கும் அவர் காருக்கும் இடையே உள்ள சொந்த விவகாரம். கார் கைக்குப் பழகிவிட்டது, திரையில் தெரியும் ‘ஆர்’ என்ற எழுத்தே போதும் என்று அவர் கருதுவாரானால், மணியைக் குறைத்துக்கொள்ளத் தடையில்லை. மேற்சொன்ன பிரியஸிலேயே அதற்கு ஓர் உபாயம் மறைந்திருந்தது: கார் ஓடிய மொத்தத் தூரம் திரையில் தெரியும்படி வைத்து, காரை அணைத்து மீண்டும் இயக்கி, உடனேயே தூரமானியின் பித்தானை விடாமல் அழுத்திக்கொண்டு, கைப்பிடியை ரிவர்ஸுக்குச் சாய்த்து, பிறகு பார்க்கிங் பித்தானை அழுத்தி, திரையில் தோன்றும் அமைப்பை மாற்றினால், தொடர்ந்து ஒலித்த மணி அதற்குப் பிறகு ஒரு முறை மட்டும் ஒலித்து ஓய்ந்துவிடும். வேறு பல கார்களில் இந்த மாற்றத்தை விற்பனை நிலையத்தின் பணிமனையில், காரின் கணினியோடு தங்கள் கருவியை இணைத்துச் செய்து தருகிறார்கள். ஒரே ஒரு ‘பீப்’ மிஞ்சுவதே உத்தமம் என்பது என் எண்ணம். ரிவர்ஸில் இருப்பதை ஓட்டுநருக்குச் சொல்ல அது போதும், சலிப்பு உண்டாக்க அது போதாது.

வெளியே எழும் ஒலியின் கதை வேறு. பெட்ரோல் காரில் பின்னோக்கிச் செல்வதற்கென்று தனிப் பற்சக்கரம் உண்டு. எஞ்சின் சுழன்றால்தான் அது சக்கரத்தை உருட்டும். டொயோட்டாவின் ஹைப்ரிட் அமைப்பில் அப்படிப்பட்ட பற்சக்கரமே கிடையாது. மின்மோட்டார் எதிர்த்திசையில் சுழல்வதே ரிவர்ஸ். பேட்டரியில் மின்சாரம் குறைந்திருந்தால் எஞ்சின் இயங்கி அதற்கு ஊட்டம் தரலாமேயன்றி, காரைப் பின்னே தள்ளுவது மோட்டார்தான். வேகம் கூடும்போது டயர் சாலையில் உராயும் ஓசையும் காற்றின் இரைச்சலும் எந்தக் காரையும் காட்டிக்கொடுத்துவிடும். நடக்கிற வேகத்தில் பின்னோக்கி ஊர்ந்து வரும் ஹைப்ரிட் காருக்கோ அந்த அடையாளமும் இல்லை.

வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு கடைவீதியின் கார் நிறுத்துமிடத்தைக் கடக்கிற பார்வையற்ற ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும். கோல் அவருக்குத் தரையையும் தூணையும் படியையும் காட்டித் தருகிறது. நகரும் வாகனத்தைக் காட்டித் தருவது செவி ஒன்றே. வரிசையாக நிற்கும் கார்களில் எது உயிர்பெற்றது, எது தம்மை நோக்கி வருகிறது என்பதை எஞ்சின் ஓசையைக் கொண்டே அளந்து அடியெடுத்து வைக்கப் பழகிய அவருக்கு, ஓசையின்றிப் பின்னோக்கி வரும் கார் இல்லாத காருக்குச் சமானம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தில் உளவியல் பேராசிரியர் லாரன்ஸ் ரோசன்ப்ளம் 2008இல் நடத்திய பரிசோதனையில், மணிக்கு சுமார் 8 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஹைப்ரிட் கார், பெட்ரோல் காரைவிட 40 சதவீதம் அருகே வந்த பிறகே அது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைச் செவியால் அறிய முடிந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2009இல் வெளியிட்ட ஆய்வு, வேகம் தணித்து நிற்கும்போதும், பின்னோக்கி வரும்போதும், நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஹைப்ரிட் கார் பாதசாரி மீது மோதும் வாய்ப்பு சாதாரணக் காரினதைப்போல் இருமடங்கு என்று கண்டது.

அந்நாட்டின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு பல ஆண்டுகள் இடைவிடாது முயன்றதன் பயனாக, பாதசாரிகளின் பாதுகாப்பை மேம்படுத்தும் சட்டம் 2011 ஜனவரியில் அதிபரின் கையொப்பம் பெற்றது. அதன்படி 2016இல் வகுத்த விதி, மணிக்கு 30 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் மின்சாரத்தால் ஓடும் காரும் ஹைப்ரிட் காரும் செவிக்குப் புலப்படும் ஒலியை எழுப்பியாக வேண்டும் என்கிறது. ஜப்பான் 2010இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய மாதிரிகளுக்கும், 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

அப்படியானால் விதிதான் இத்தனை உரத்த சப்தத்தைக் கேட்கிறதா என்று பார்த்தால், பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா. விதி எண் 138 ரிவர்ஸுக்குக் கேட்பது, 2 மீட்டர் தொலைவில் 47 டெசிபெல் என்ற குறைந்தபட்சமே. மெல்லப் பேசுகிற பேச்சுக்கு மேற்பட்டதன்று அது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகும்போதெல்லாம் ஒலி சுமார் 6 டெசிபெல் குறையுமாதலால், 8 மீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னலை அது 35 டெசிபெல் அளவிலேயே எட்டும். ஆனால் பல மாதிரிகளில் ஒலிபெருக்கி முன்பக்கத்துப் பம்பருக்குள் பொருத்தப்பட்டிருக்க, ரிவர்ஸ் ஒலியை அளக்கும் சோதனையிலோ ஒலிவாங்கிகள் காரின் பின்புறத்தில் வைக்கப்படுகின்றன. காரின் நீளம் முழுவதையும் கடந்து பின்னே போய்ச் சேர வேண்டிய ஒலி, புறப்படும் இடத்திலேயே உரத்துப் புறப்பட வேண்டியதாகிறது. 10 டெசிபெல் கூடினாலே செவிக்கு ஏறக்குறைய இருமடங்கு உரப்பாகத் தோன்றும் என்பதையும், விடியற்காலையில் ஊரின் மற்ற ஓசைகள் அடங்கியிருப்பதையும் சேர்த்து நோக்கினால், அண்டை வீட்டார் மனம் நோவதில் வியப்பில்லை.

இந்த நோவு தாளாமல் சிலர் ஒலிபெருக்கியின் வாயை நாடா ஒட்டி மூடுகிறார்கள். சிலர் கம்பி இணைப்பைக் கழற்றுகிறார்கள். சிலர் ஃபியூஸைப் பிடுங்குகிறார்கள். இவற்றை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஃபியூஸ் காரின் வேறு உறுப்புகளுக்கும் பொதுவாக இருப்பதுண்டு என்பது சிறிய காரணம். கார் நாளை வேறொருவர் கைக்கு மாறும்போது அதன் ஊமைத்தனமும் கூடவே போகும் என்பது பெரிய காரணம். அமெரிக்காவில் விற்பனையாளரோ பணிமனையோ இந்த ஒலியைச் செயலிழக்கச் செய்வது சட்டவிரோதம். ஐரோப்பாவில், ஓட்டுநர் விரும்பினால் ஒலியை நிறுத்திவைக்கும் பித்தானுக்கு முதலில் இருந்த அனுமதியும் 2017இல் விலக்கப்பட்டது. காருக்கு வெளியே பாட்டும் பிற ஓசைகளும் ஒலிக்கச் செய்யும் வசதி இந்த எச்சரிக்கையை மறைத்துவிடக் கூடும் என்ற காரணத்தால், 2022 பிப்ரவரியில் டெஸ்லா நிறுவனம் சுமார் 5,78,000 கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளைத் திருத்த நேர்ந்தது.

வாயடைப்பதைவிட நல்ல வழி, ஒலியைச் சீர்திருத்துவது. 1963இல் ஜப்பானில் மட்சுசபுரோ யாமாகுச்சி என்பவர் உருவாக்கிய பின்னோக்கு எச்சரிக்கை மணியிலிருந்து இன்றைய லாரிகள் வரை ஒலிக்கிற ‘பீப்’ ஒரே சுருதி கொண்டது. ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை நம் செவிகள், தாழ்ந்த சுருதியில் அது இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டும், உயர்ந்த சுருதியில் உரப்பின் வேறுபாட்டைக் கொண்டும் நிர்ணயிக்கின்றன. ஒற்றைச் சுருதியிடம் இந்தச் சாட்சியங்கள் அற்பமாகவே கிடைக்கின்றன. ஆகவே மணி கேட்டும் திசை தெரியாமல் மனிதர் திகைக்கிறார். பல சுருதிகளும் கலந்த ‘ஷ்ஷ்’ என்ற ஒலியிலோ இருவகைச் சாட்சியமும் நிறைந்திருப்பதால் திசை உடனே புலப்படுகிறது. அதன் உயர்ந்த சுருதிகள் தொலைவு செல்லச் செல்ல விரைவில் தேய்வதால் அண்டை வீட்டுக்கும் அவ்வளவாக எட்டுவதில்லை. சுற்றுப்புற இரைச்சலை அளந்து, பகலில் உரத்தும் இரவில் தணிந்தும் ஒலிக்கும் கருவிகளும் கனரக வாகனங்களுக்காக வந்துவிட்டன. இவற்றோடு காரின் பின்புறத்திலேயே ஓர் ஒலிபெருக்கியை வைத்துவிட்டால், பெரும்பகுதிக் குறை தீர்ந்துவிடும்.

அதுவரை கார் உடையவர் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று உண்டு. மாலையில் வீடு திரும்புகையிலேயே காரைப் பின்னோக்கிச் செலுத்தி நிறுத்திவிட்டால், ரிவர்ஸ் சப்தம் ஊர் விழித்திருக்கும் வேளையில் முடிந்துவிடும். விடியற்காலையில் தெருவை நேர்முகமாகப் பார்த்தபடியே வெளியேறலாம். அண்டை வீட்டார் உறக்கமும் கெடாது, நடந்து செல்வோர் உயிருக்கும் அபாயம் குறையும். ஒலி மிகையென்று தோன்றினால், கார் வாங்கிய நிலையத்திலும் அரசின் வாகனப் பாதுகாப்புத் துறையிடமும் எழுத்து மூலம் முறையிடுவது குடிமக்களின் கடமை.

இந்தியாவிலும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், மின்சாரத்தால் ஓடும் கார், பஸ், லாரிகளின் புதிய மாதிரிகளுக்கு 2026 அக்டோபர் முதல் இத்தகைய ஒலி வேண்டுமென்று 2025 செப்டம்பரில் ஒரு வரைவை வெளியிட்டது. பிற நாடுகள் பட்டறிந்த பாடம் நமக்குக் கையிலேயே கிடைத்திருக்கிறது: ஒலி இருந்தாக வேண்டும் என்று மட்டும் விதித்தல் போதாது, எத்திசையில், எவ்வகை ஒலி, எந்த அளவுக்கு மிஞ்சாமல் என்பதையும் சேர்த்தே விதிக்க வேண்டும். காருக்குள் ஒலிக்கும் மணி காருக்கு உடையவரின் சொத்து. அதை அவர் விருப்பம்போல் குறைத்துக்கொள்ளட்டும். வெளியே எழும் குரல் தெருவில் நடக்கிறவரின் சொத்து. அதைப் பறிக்க நமக்கு உரிமையில்லை, அதைச் செவ்வையாக அமைக்கச் செய்யும் பொறுப்பு மட்டுமே உண்டு.