முரளியைக் கண்டெடுத்த கட்டுகஸ்தோட்டைப் பள்ளிக்கூடம்

பல்லேகல மைதானத்தில் மெச் என்றால் எங்கள் தெருவில் முரளி பேச்சுத்தான். அவருடைய குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை பக்கத்துக் குண்டசாலையில் இருந்ததால், முத்தையா முரளிதரன் எங்களுக்கு ஊர்ப்பிள்ளை. டெஸ்டில் 800 விக்கெட், ஒருநாள் போட்டிகளில் 534 என்று சின்னப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். அந்தப் பிள்ளையை ஆளாக்கிய பாடசாலையைப் பற்றித்தான் பேச ஆளில்லை. பாடசாலை ஆசிரியராகவே காலத்தைக் கழித்த எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

கண்டியிலிருந்து வடக்கே, மகாவலிக் கரையில் இருக்கிறது கட்டுகஸ்தோட்டை. அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியை 1854இல் தொடங்கியவர்கள் பெனடிக்ட் சபைத் துறவிகள். முரளி ஒன்பது வயதில் அங்கே சேர்ந்தார். முதலில் அவர் மித வேகப் பந்துவீச்சாளர். பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ, “சுழற்பந்து வீசிப் பார்” என்றார். உலக சாதனை ஒன்றுக்கு விதை போட்டது அந்த ஆலோசனைதான்.

பயிற்றுநர் ஒருவர் பையனின் கையையும் மணிக்கட்டையும் பொறுமையாகப் பார்த்திருந்தால்தான் அப்படி ஒன்றைச் சொல்ல முடியும். வேகமாக ஓடிவந்து வீச ஆசைப்படும் பையனை அதிலிருந்து திருப்புவது லேசான காரியமில்லை. அவன் நம்ப வேண்டும். தடுமாறும் நாட்களில் அணியிலிருந்து தூக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். நான்கு ஆண்டுகள் முதல் பதினொருவர் அணியில் ஆடிய முரளி, நடுவரிசையில் துடுப்பும் பிடித்தார். 1990, 1991 பருவங்களில் நூறுக்கு மேல் விக்கெட் எடுத்து, நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரரானார். 1992 ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்டில் கால் வைத்தார்.

அந்தோனியாரின் பரம்பரைப் போட்டியாளர் கண்டி திரித்துவக் கல்லூரி. இரண்டும் மோதும் ‘பிக் மெச்’ வந்தால் கண்டி நகரமே இரண்டு கட்சியாகிவிடும். அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் குமார் சங்கக்கார. அஸ்கிரிய மைதானமும் திரித்துவக் கல்லூரிக்கே சொந்தம். மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த இடம். பாடசாலை ஒன்றின் மைதானத்தில் டெஸ்ட் நடப்பது உலகத்திலேயே அபூர்வம்.

முரளியின் பெரிய நாட்கள் சில அமைந்தது அங்கேதான். 2002 ஜனவரியில் சிம்பாப்வேக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்; டெஸ்டில் அவருடைய மிகச் சிறந்த பந்துவீச்சு அது. 2007 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தின் போல் கொலிங்வூட்டை வீழ்த்தி 709ஆவது விக்கெட்டைத் தொட்டு, ஷேன் வோர்னைத் தாண்டியதும் அங்கேதான். அந்தோனியார் பிள்ளையின் உலக சாதனைக்குத் திரித்துவத்தின் மண் களம் தந்தது. கண்டிக்காரர் இரு தரப்பும் சேர்ந்தே கைதட்டினார்கள்.

2010 ஜூலையில் காலியில் 800ஆவது விக்கெட்டோடு முரளி டெஸ்டிலிருந்து விடைபெற்றார். பல்லேகலவில் முதல் டெஸ்ட் அதே வருடம் டிசம்பரில்தான் வந்தது. எங்கள் ஊர் மைதானத்தில் அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 2011 உலகக் கிண்ணத்தில் அவரை இங்கே பார்த்ததோடு ஆறுதல்பட்டுக்கொண்டோம்.

இன்று மத்திய மாகாணத்துப் பெற்றோர் பாடசாலையைப் பரீட்சைப் பெறுபேறுகளை வைத்து மட்டும் எடைபோடுகிறார்கள். பெறுபேறு வேண்டும்தான். ஆனால் ஒரு பிள்ளைக்குள் இருக்கும் திறமையைப் பதினான்கு வயதிலேயே அடையாளம் காணும் ஆசிரியர் அங்கே இருக்கிறாரா, அவருக்கு மாலையில் ஒரு மைதானம் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த இரண்டும் இருக்கும் பாடசாலை எந்தச் சிற்றூரில் இருந்தாலும், பிள்ளையை நம்பி அனுப்பலாம்.