உங்களுக்குத் தெரியுமா? வெள்ளை நாய், உண்மையில் மஞ்சள் நாய்!

பெங்களூரு வீடுகளில் ‘பொமேரியன்’ என்று செல்லமாக வளரும் புசுபுசு வெள்ளை நாய்களில் பல, இந்தியன் ஸ்பிட்ஸ் இனம். பனி போல் வெளுத்த அந்த நாய், மரபணுக் கணக்கில் வெளிறிப்போன மஞ்சள் நாய்!

● எம்சி1ஆர் என்ற மரபணு பழுதானால் முடியில் கறுப்பு நிறமி உருவாகாது. மஞ்சள் நிறமி மட்டுமே உருவாகும். வேறு சில மரபணுக்கள் அந்த மஞ்சளையும் வெளுக்கச் செய்கின்றன. சில நாய்களின் காதோரம் தெரியும் இளமஞ்சள், அதன் மிச்சம்.

● தோலில் கறுப்பு நிறமிக்குத் தடையில்லை. அதனால்தான் மூக்கும் கண்ணோரமும் கருகரு. எனவே இந்த நாய், நிறமியே உருவாகாத ‘அல்பினோ’ அல்ல.

● பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். அதை மறைவாகச் சுமக்கும் இரு கறுப்பு நாய்கள் இணைந்தாலும், ஒவ்வொரு குட்டிக்கும் வெளிர்நிறம் அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

● நம் ராஜபாளையம் நாயின் வெள்ளை வேறு வகை. அதன் மூக்கு இளஞ்சிவப்பு. தோலிலேயே நிறமி குறைவு. உட்காதிலும் நிறமி செல்கள் இல்லாத குட்டிகளுக்குக் காது கேட்காமல் போகலாம்.

ராஜபாளையம் குட்டி வாங்குகிறீர்களா? அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.