ஜெபமாலையும் தலைக்கவசமும்



புதிதாக வாங்கிய இருசக்கர வண்டியை மந்திரிக்க ஆலயத்திற்குக் கொண்டு வருகிறோம். தீர்த்தம் தெளித்ததும் முன்னால் ஒரு ஜெபமாலையைத் தொங்கவிடுகிறோம். புனித அந்தோணியார் படத்தையும் ஒட்டிக்கொள்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் ஆலய வாசலைத் தாண்டிச் சாலைக்கு வரும்போது நம்மில் எத்தனை பேர் தலைக்கவசம் அணிந்திருக்கிறோம்? பலருக்கு அது பெட்ரோல் டேங்கின்மேல் இருக்கிறது. சிலருக்கு முழங்கையில் தொங்குகிறது. போலீஸ்காரரைக் கண்டால் தலைக்கு ஏறுகிறது. அவரைக் கடந்ததும் இறங்கிவிடுகிறது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129-ஆம் பிரிவில், ஓட்டுபவரும் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து, 2015 ஜூலை 1 முதல் தமிழகத்தில் இது கண்டிப்பாக்கப்பட்டது. அப்போதும் இப்போதும் எழும் கேள்வி ஒன்றுதான்: "என் தலை, என் உயிர். இதில் அரசுக்கு என்ன வேலை?"

இக்கேள்வியை நாம் அலட்சியப்படுத்தக் கூடாது. சுதந்திரம் கடவுள் மனிதருக்குத் தந்த கொடை. ஆனால் "என் உயிர்" என்பது முழு உண்மையா? நாம் நம் உயிரின் உரிமையாளர்கள் அல்ல, அதன் பொறுப்பாளர்களே என்று திருஅவையின் மறைக்கல்வி ஏடு (எண் 2280) கற்பிக்கிறது. நம்மில் எவரும் தமக்கென்றே வாழ்வதில்லை என்கிறார் புனித பவுல் (உரோ 14:7). தலையில் அடிபட்டுப் படுக்கையில் விழுபவர் தனியாக விழுவதில்லை. அவரோடு அவருடைய மனைவியின் உறக்கமும் பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் முதுமையும் விழுகின்றன.

"மாதா காப்பாற்றுவார்" என்கிறோம். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்ன அலகையும், வானதூதர்கள் தாங்குவார்கள் என்றுதான் சொன்னது. கடவுளைச் சோதிக்கலாகாது என்று இயேசு மறுத்துவிட்டார் (மத் 4:5-7). நம்பிக்கை வேறு, சோதித்துப் பார்ப்பது வேறு.

தரமான தலைக்கவசம் விபத்தில் இறக்கும் ஆபத்தை ஏறக்குறைய 42 விழுக்காடும், தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது. அதன் உள்ளிருக்கும் தெர்மகோல் போன்ற அடுக்கு நசுங்கி, மண்டைக்கு வரும் அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதை வாங்குவோம். தாடைக்குக் கீழ் பட்டையை மாட்டுவோம். மாட்டாவிட்டால் விழும்போது அது கழன்று ஓடிவிடும்.

தண்டனைக்கு அஞ்சி மட்டுமல்ல, மனச்சான்றின் பொருட்டும் பணிய வேண்டும் என்கிறது இறைவார்த்தை (உரோ 13:5). அபராதத்திற்காக அணிபவர் போலீஸ்காரர் இல்லாத தெருவில் கழற்றிவிடுவார். அன்புக்காக அணிபவர் வீட்டு வாசல் வரை கழற்றமாட்டார். அதுவே உண்மையான சுதந்திரம்.

அடுத்த முறை வண்டியை மந்திரிக்க வரும்போது ஜெபமாலையோடு தலைக்கவசத்தையும் கொண்டு வருவோம். பின்னால் அமர்பவருக்கும் சேர்த்து இரண்டாக.